ஓயாவின் பிடியர்கள்

டயகம,
ஒக்டோபர் 12

அன்புள்ள ஜனகன் அப்பாவுக்கு,

பூரணி எழுதுவது. நானும் மகளும் இருக்கிறோம். கத்தாரில் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று வடிவேல் அண்ணன் சொன்னார். லீவு முடிந்து வியாழக்கிழமை அவர் அங்கே திரும்புகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசக்கூடிய விஷயம் இல்லை. இந்தத் தற்காலிகக் கொட்டிலில் பலகைக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மா இருமினால் எனக்குக் கேட்கிறது. நான் பேசினால் நம் மகள் நிலக்ஷிக்குக் கேட்காதா?

வீடு கட்ட இடம் இன்னும் காட்டவில்லை. அளந்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். மண் சரிந்து பத்து மாதமாகிறது. நம் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் யாரும் போகக்கூடாதென்று சிவப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். நம் பிள்ளை இன்னும் அதற்குள்தான் இருக்கிறான்.

மகளின் கொப்பி ஒன்றைப் படித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகள் இரண்டு பேருமாக அந்தக் கொப்பியில் ஒரு கோளைக் கற்பனையாக உண்டாக்கி வைத்திருந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கத்தாருக்குப் போன வருஷம் தொடங்கியது. அதன் பெயர் ஓயா. சிங்களத்தில் ஆறு, தமிழில் நிற்காதது, இரண்டும் பொருந்துகிறது என்று ஜனகன் சிரித்தான். அங்கே மழை விடுவதே இல்லை. அதனால் மலைகள் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். இரும்பு ஒரே நாளில் துருப்பிடித்துவிடும், ஆகவே வாளும் வேலும் கிடையாது. சண்டை மனிதரோடு இல்லை, மண்ணோடு. வீரர்களுக்குப் பிடியர் என்று பெயர். கயிறுதான் ஆயுதம். ஏழு வயதில் இடுப்பில் கட்டினால் சாகும்வரை அவிழ்ப்பதில்லை; மறுமுனை இன்னொரு பிடியர் கையில். சத்தம் கேட்டால் மண் எழுந்துவிடுமாம், அதனால் கயிற்றை இழுத்துத்தான் பேச்சு. ஓர் இழுப்பு, இருக்கிறேன். இரண்டு, வா. மூன்று, என்னை விட்டுவிடு. மூன்று வருமுன் கையை விட்டவன் பிடியன் இல்லை.

இதுவரை மகனின் கையெழுத்து. அதற்குப் பிறகுள்ள பக்கங்கள் மண் சரிந்தபின் மகள் எழுதியவை. புதைந்த பிடியர் சாவதில்லையாம். உள்ளே நின்று மலையைத் தோளில் தாங்குவார்களாம். கையை விட்டவர் இறங்கிப் போய் நின்றால்தான் புதைந்தவர் மேலே வரலாமாம். கடைசியில், "அடுத்த பெரிய மழைக்கு என் முறை" என்று எழுதியிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை பகல் இதைப் படித்தேன். மழை கொட்டியதால் தேயிலைக் கொழுந்து எடுப்பதை நிறுத்தி எங்களை அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூடமும் நேரத்தோடு விட்டாயிற்று என்று பேச்சியம்மா சொன்னாள். மகள் வரவில்லை.

செருப்பு இல்லாமல் ஓடினேன். சிவப்புப் பலகைக்கு அப்பால், நம் வாசல் இருந்த இடத்தில், மண்மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் ஆட்டுக்கயிறு. மறுமுனையை மண்ணுக்குள் புதைத்திருந்தாள். என் காலடியில் கலங்கல் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கத்திக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. நானும் பயந்துபோயிருந்தேன், அந்த மண்ணுக்குக் காது இருக்கிற மாதிரி. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வா புள்ள, போவோம்" என்றேன்.

"அண்ணன் மூணு தடவ இழுக்கலம்மா. நான் கைய விட்டுட்டேன்" என்றாள்.

பத்து மாதத்தில் அன்றைக்குத்தான் அதைப் பற்றி வாய் திறந்தாள். நானும் அன்றைக்குத்தான் திறந்தேன். உங்களிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். என் கையில் அவள், அவள் கையில் அவன். அவன் இடுப்புவரை மண்ணில். இரண்டு பேரையும் இழுக்க என்னிடம் பலம் இல்லை. அவளை மட்டும் இழுத்தேன். அவள் தோள் விலகி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்களே, சுவர் விழுந்து ஆனதென்று உங்களுக்குச் சொன்னேன். சுவர் இல்லை. நான். அப்போது ஜனகன் என்னைப் பார்த்தான். கோபத்தில் பார்த்தானா, போங்க என்று பார்த்தானா, தெரியவில்லை. மலையில் பனிமூட்டம் இறங்கும்போதெல்லாம் அந்தப் பார்வை எனக்கு நேரே வந்து நிற்கிறது.

"நீ விடல புள்ள. நான்தான் இழுத்தேன்" என்றேன்.

என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கயிற்றை அவளே அவிழ்த்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த மேட்டைக் காணோம். சரிந்து கீழே ஓடைவரை போயிருந்தது.

அன்றைக்கு மேட்டிலிருந்து இறங்கி வரும்போது அவள் ஒன்று சொன்னாள்: "அப்பா எங்கிட்டப் பேசமாட்டாங்க. அண்ணன விட்டவ நான்னு அவங்களுக்குத் தெரியும்."

நீங்கள் போன் எடுத்து, மகள் சாப்பிட்டாளா என்று என்னிடம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அவள் குரலைக் கேட்டால் அவன் குரல் ஞாபகம் வரும் என்று பயம் உங்களுக்கு. எனக்கு அது விளங்குகிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

என்னிடம் சொல்ல வேண்டியதை ஊருக்கு வந்து சொல்லுங்கள். எதுவானாலும் நின்று கேட்கிறேன். அவளை மட்டும் காக்கவைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை உங்களுக்கு வேலை இல்லையே. அன்றைக்குக் கூப்பிட்டு, போனை அவளிடம் கொடு என்று சொல்லுங்கள். ஜனகன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

முருகன் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கொடுத்த பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொண்டான்; இனி என்னிடம் எதையும் திருப்பிக் கேட்காமல் இருக்கட்டும்.

உங்கள்
பூரணி