உங்கள் நாட்டில் கிடைக்காது

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. பாப்பாவின் யூனிபார்மை இஸ்திரி போட்டே உலர்த்தினேன். லேசாகப் பொசுங்கல் வாடை. கவனிக்க மாட்டாள் என்று நினைத்தேன், கவனித்துவிட்டாள். அஞ்சாம் வகுப்புக்கு இவ்வளவு மூக்கு ஆகாது.

நான் வேலை பார்க்கிற இ-சேவை சென்டரில் கூட்டம். வருமானச் சான்று, பட்டா, ஆதாரில் பேர் திருத்தம். பிரிண்டரில் மை தீரப்போகிறது. ஓனர் அண்ணாச்சியிடம் சொன்னேன், "பாப்போம்" என்றார். பாப்போம் என்றால் வாங்க மாட்டார்.

7.30க்கு அ. (பாப்பாவின் அப்பா) கூப்பிட்டார். சாதாரண ஆப்பில், வீடியோ. முகம் கண்ணாடி மாதிரி தெளிவு. ஒரு வாரத்தில் மூன்றாவது தடவை.

அவர் வேலை பார்க்கிற அரபு நாட்டில் இந்த ஆப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. அரசாங்கம் தடை. இரண்டு வருடமாக அங்கே அனுமதித்த வேறொரு ஆப்பில்தான் பேச்சு. படம் உடையும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். இப்போது திடீரென்று எப்படி?

"இங்க தொறந்து விட்டுட்டாவ" என்றார். சந்தோஷச் செய்திதான். எந்தப் பேப்பரிலும் பார்க்கவில்லை.

ஜூலை 9, புதன்

பால்காரர் இன்றும் தண்ணீர் கலந்திருக்கிறார். கேட்டால் சிரிக்கிறார்.

அடுத்த வீட்டு செல்வி அக்காவைக் கொடியடியில் பிடித்தேன். அவள் வீட்டுக்காரரும் அதே ஊர், அ. இருக்கும் கேம்ப்பிலிருந்து இரண்டு தெரு. கால் எல்லாம் இப்போது திறந்துவிட்டார்களாமே என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"யாரு தொறந்தா? எங்க வீட்டு அவுக நேத்தும் அந்த ஒடஞ்ச ஆப்புலதான் பேசுதாவ. பாதி பேச்சு காத்துல போவுது. ஏளா, ஒனக்கு யாரு சொன்னா?"

யாரோ சென்டரில் சொன்னார்கள் என்று சமாளித்தேன்.

மாலையில் அவரிடமே கேட்டேன். "அது... தடையத் தாண்ட விபிஎன் போட்ருக்கேன். யார்ட்டயும் சொல்லாத, பிடிச்சா அபராதம்." திங்கட்கிழமை ஒரு பதில், புதன்கிழமை வேறு பதில்.

யோசித்துப் பார்த்தவை:
– மார்ச்சில் பழைய போன் தண்ணீரில் விழுந்தது என்று புதுப் போன். நம்பர் மட்டும் அதே.
– எப்போது பேசினாலும் பின்னால் ஒரு நீலப் போர்வை. முன்பு கட்டில், ஜன்னல், கூட இருக்கிற பையன்கள் எல்லாம் தெரியும்.
– "சரி, வைக்கேன்" சீக்கிரம் வந்துவிடுகிறது.

யார் இருக்கிறார்கள் அந்தப் போர்வைக்குப் பின்னால்? எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அதைத்தான் நினைக்கிறேன். இன்று முழுக்க அதை மட்டும்தான்.

ஜூலை 11, வெள்ளி

சாரல் விட்டது. கொசு.

பாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பா ஏம்மா பூன வீடியோ அனுப்ப மாட்டேங்காவ?" என்றாள். அந்தக் குட்டி வீடியோ ஆப் நம் நாட்டில் தடை, ஸ்டோரில் தேடினாலும் வராது. அங்கே உண்டு. தினமும் பூனை ஆடுவது, பூனை விழுவது என்று எடுத்து அனுப்புவார். நின்று நாலு மாதம் ஆகிறதாம். எனக்குத்தான் உறைக்கவில்லை.

செல்வி அக்கா மகனுக்கு அவன் அப்பாவிடமிருந்து இன்று காலைகூட வந்திருக்கிறது. போய்ப் பார்த்தேன். பூனைதான்.

அவரிடம் கேட்டதற்கு, "அந்த ஆப்ப இங்க ஸ்டோர்லேருந்து எடுத்துட்டாவ பாத்துக்க" என்றார். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவருக்கு மட்டும் எடுக்கவில்லை போலும்.

சென்டரில் மத்தியானம் ஆள் இல்லை. பழைய விண்ணப்பம் ஒன்றின் பின்பக்கம் கோடு போட்டு எழுதினேன். அங்கே மூடியிருப்பது இவருக்குத் திறந்திருக்கிறது. அங்கே திறந்திருப்பது இவருக்கு மூடியிருக்கிறது. வீடியோ கால் போகும், பூனை வராது. அப்படி ஒரு நாடு எது?

என் கையில் இருக்கிற போனும் அப்படித்தான்.

தாளைக் கிழித்தேன், கிழித்ததை மறுபடியும் கிழித்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். வேஸ்ட் பேப்பர் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

காய்: முருங்கை, தடியங்காய். கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும்.

இன்று வைத்த பொறி இது. பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆப் உண்டு. அட்மிஷன் நம்பரும் பிறந்த தேதியும் போட்டால் மார்க், லீவு எல்லாம் தெரியும். போன வருடம் அவர் இறக்கப் பார்த்து, 'இந்த ஆப் உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வந்த திரையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். கோபம் அவருக்கு, எம்மவ மார்க்கப் பாக்க எனக்கு அனுமதி இல்லையா என்று. அன்றிலிருந்து நான்தான் மார்க் கார்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இன்று நாலு மணிக்கு முதல் தேர்வு மார்க் ஏறியது. நான் அனுப்பவில்லை. பாப்பாவிடமும் சொல்லவில்லை.

7.30. எடுத்த எடுப்பில் பாப்பாவிடம், "ஏட்டி, கணக்குல என்ன நாப்பத்தொண்ணு? தமிழ்ல தொண்ணூறு எடுக்கத் தெரியுதுல்லா?"

பாப்பா முழித்தாள். "நாப்பத்தொண்ணாப்பா?"

நான் அடுப்படியில். முருங்கைக்காய் கையில். அவர் சொன்னபிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "சரி, வைக்கேன்."

அந்த ஆப் அவர் போனில் இறங்கிவிட்டது. ஆள் இந்தியாவில் இருக்கிறார். புருஷன் ஊர் திரும்பியதை ஐந்தாம் வகுப்புக் கணக்கு மார்க்கை வைத்துத் தெரிந்துகொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 16, புதன்

தூக்கம் இல்லை. சென்டரில் ஒருவருக்கு அப்பா பெயர் கட்டத்தில் ஊர்ப் பெயரை அடித்துக் கொடுத்தேன். நல்ல மனிதர், திட்டவில்லை.

எங்கே இருக்கிறார்? சென்னையா? திருப்பூரா? யாரோடு? வீட்டுக்கு வராமல் நாலு மாதம் எதற்கு?

கேட்டுவிடலாம். கேட்டால் மூன்றாவதாக ஒரு பதில் வரும், அது முதல் இரண்டையும்விட நன்றாக இருக்கும். அதனால் கேட்கவில்லை. இன்று கால் வந்தபோது மழை பெய்கிறதா என்று மட்டும் கேட்டேன். "இங்க என்ன மழ, வெயில் கொளுத்துது" என்றார்.

செல்வி அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் தெரு முழுக்கத் தெரியும். நான் அழுததும் சேர்ந்து போகும்.

ஜூலை 18, வெள்ளி

நாளைக்குப் பெற்றோர் கூட்டம், ஆப்பில் அறிவிப்பு. கீழே தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியாக இரண்டு பட்டன்: வருகிறேன், வர இயலாது. தாய்க்கு வருகிறேன் அமுக்கினேன்.

மத்தியானம் பாப்பாவின் கிளாஸ் டீச்சரே சென்டருக்கு வந்தார், நாளைய கூட்டத்துக்கு வருகிறவர்கள் பட்டியலைப் பிரிண்ட் எடுக்க. எடுத்துக் கொடுக்கும்போது,

"ஒங்க வீட்ல அம்மா, அப்பா ரெண்டு பேருமே வாறதா போட்ருக்கே. சார் லீவுல வந்திருக்காவளா?"

தாளைப் பார்த்தேன். தாய்: வருகிறேன். தந்தை: வருகிறேன்.

"ஆமா டீச்சர்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கை தவறிப் பட்டிருக்கும். இல்லை, இதுவும் ஏதோ ஏமாற்று. கால் வரவில்லை இன்று.

ஜூலை 19, சனி

வெயில். பச்சைச் சேலை கட்டினேன், பிறகு எதற்கு என்று மாற்றினேன், பிறகு பச்சையையே கட்டினேன்.

10 மணிக்குக் கூட்டம். பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்ச். பெயர் கூப்பிடும்வரை இருக்க வேண்டும். நான் கேட்டைப் பார்க்கவே கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். 10.40க்கு பாப்பா, "யம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவர்தான். பாதியாக இளைத்திருக்கிறார். காலில் இரும்பு முனை வைத்த கம்பெனி பூட்ஸ், அதில் சிமெண்ட் மாதிரி ஏதோ வெள்ளை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் முன்னால் சுவரையே பார்த்துக்கொண்டு, "எங்க இருக்கிய?" என்றேன்.

"கங்கைகொண்டான்."

இங்கிருந்து இரண்டு பஸ். அவ்வளவுதான் தூரம்.

"அங்கன மார்ச்லயே கம்பெனிய மூடிட்டான். எல்லாரையும் அனுப்பிட்டான். இங்க ஒரு கம்பெனில லோடு ஏத்துதேன். வடக்கத்திப் பையங்க நாலு பேரோட ரூம்பு. போவும்போது தெருவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மாலை போட்டு அனுப்பிச்சுதுல்லா, எந்த மூஞ்சியோட வருவேன்?"

"நான் வேற என்னெல்லாமோ நெனச்சேன்" என்றேன். சந்தோஷமா, ஆத்திரமா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல இருந்தது. பெஞ்ச் நிறைய ஆள்.

"நாப்பத்தொண்ணுன்னு சொன்னப்பவே தெரிஞ்சிட்டு" என்றேன்.

தலையைக் குனிந்தார். "தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"பொறவு எதுக்கு வாறேன்னு அமுக்குனிய? கை பட்டுட்டா?"

"இல்ல. வர இயலாதுன்னு அமுக்கத்தான் கையக் கொண்டு போனேன். அங்கன இருக்கும்போது அந்த ஆப்பே வரல, சரின்னு இருந்துட்டேன். இங்க எல்லாம் தொறந்து கெடக்கு. என்ன சொல்லி அமுக்க?"

அதை மட்டும் நம்பினேன்.

பாப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். டீச்சர் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிதான் கிடந்தது. பாப்பா ஓடிப்போய் இன்னொன்றை இழுத்து வந்து போட்டாள்.