நாற்பத்தொரு தடவை

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கோபத்தில் கிழித்துப் போடாமல் முழுதும் படி. போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதுவரை நிம்மதி.

நீ சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு சலவைக் கூடத்தை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. அப்போது இருபத்தாறு பேர். இப்போது பதினேழு. போன வாரம் தையல்காரம்மா போய்விட்டாள், பதினொரு வருஷம் நம்மிடம் இருந்தவள். எதிரே புதிதாக வந்திருக்கும் கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலையாம். "சம்பளம் கூடவா?" என்று கேட்டேன். "இல்லீங்கம்மா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். அது ரெண்டு நாளாக என்னை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே. ஓய்வறைக்கு மின்விசிறி போட்டேன், நல்ல நாற்காலி வாங்கினேன். பிறந்தநாள் என்றால் கேக். மாதத்துக்கு ஒருவர் படம் சுவரில், 'சிறந்த பணியாளர்' என்று. புதிதாக வருகிறவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள், கேக்கைச் சாப்பிடுகிறார்கள், பதினைந்தாம் நாள் காணாமல் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களோ விரிப்பு எங்கே, விரிப்பு எங்கே என்று பிடுங்கி எடுக்கிறார்கள்.

அப்பாவுக்குப் பிறகு வேலைத் தளத்தை நீதான் பார்த்தாய், நான் அறையில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்தேன். உன்னிடம் மட்டும் ஆட்கள் எப்படி நின்றார்கள்? என்ன மந்திரம் போட்டாய் என்று எழுது. இல்லாவிட்டால் நீயே வந்துவிடு. அன்று எல்லோர் முன்னாலும் நான் கத்தியது தப்புதான். போதுமா?

அத்தானுக்கு இருமல் இன்னும் விடவில்லை.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. ரெண்டு தடவை படித்தேன். அதட்டி மன்னிப்புக் கேட்க உன்னால்தான் முடியும்.

இங்கே ரொட்டித் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறேன். தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்று கை தட்ட வேண்டும். எதற்கென்று யாருக்கும் தெரியாது. நானும் தட்டிவிட்டுப் போய் என் வேலையைப் பார்க்கிறேன்.

மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. இஸ்திரி போடும் பெரிய உருளைக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறதே, அதுதான். ஈர விரிப்பை உள்ளே தள்ளுகிறவர் யாரானாலும், யாரையும் கேட்காமல் அதை இழுத்து உருளையை நிறுத்தலாம். நின்றதும் நான் போய் "என்னாச்சு?" என்று மட்டும் கேட்பேன். யார் இழுத்தது என்று கேட்டதே இல்லை. சில நாள் துணிக்குள் ஊசி இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும். சில நாள் ஒன்றுமே இருக்காது. "சரி, நல்லதாப் போச்சு, ஓட்டுங்க" என்பேன். அவ்வளவுதான் அக்கா. தன் கை பத்திரமாக இருக்கும் இடத்தை விட்டு யாரும் லேசில் போகமாட்டார்கள்.

அன்று லாரி தாமதமாகக் கிளம்பியதற்கு நீ இறங்கி வந்து, "யாரு கயித்த இழுத்தது? பேரச் சொல்லு" என்று கத்தினாய். பதினாலு வருஷத்தில் அந்தக் கேள்வி அந்தத் தளத்தில் விழுந்தது அன்றுதான். அதற்காகத்தான் தூக்கை எடுத்தேன், நீ கத்தியதற்காக இல்லை. உன் கத்தல் எனக்குச் சின்ன வயசிலேயே பழகிவிட்டது.

வருவதைப் பற்றி இப்போது கேட்காதே. பாட்டுக்காரி இருக்கிறாள் அல்லவா? உருளை வாயில் நின்று முணுமுணுவென்று பாடிக்கொண்டே விரிப்பு தள்ளுவாளே, அவள்தான். அவளை விட்டுவிடாதே.

அத்தானை முதலில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. நீ தரும் கஷாயத்துக்குப் பயந்தே இருமல் உள்ளே ஒளிந்திருக்கும்.

கோபம் பாதி தீர்ந்த,
தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

கள்ளா! உன் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

உன் மேஜையைச் சுத்தம் செய்யச் சொன்னேன். மூன்றாவது இழுப்பறையில், எண்ணெய்த் துணிக்கு அடியில் ஒரு நீல நோட்டு. கயிற்றை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு இழுத்தார் என்று உன் கோழிக் கிறுக்கலில் பக்கம் பக்கமாக இருக்கிறது. யார் என்று கேட்டதே இல்லையாம்! கேட்காமலே எழுதி வைத்திருக்கிறாய். எனக்கு உபதேசம் வேறு.

உன் பாட்டுக்காரிதான் முதலிடம். நீ போவதற்கு முந்தின ஒரு வருஷத்தில் மட்டும் நாற்பத்தொரு தடவை. மடிப்பு மேஜை நெட்டையன் ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட இழுக்கவில்லை. அவன் படத்தைத்தான் இந்த மாதம் சுவரில் மாட்டியிருக்கிறேன். தள மேற்பார்வையும் அவனுக்கே. உருளைக்கு எதிரே ஒரு பலகை வைத்து, எல்லோர் பெயரையும் உன் எண்ணிக்கையையும் எழுதி, இனி இழுப்பதையும் அதோடு கூட்டி ஏற்றச் சொல்லிவிட்டேன். யாரையும் திட்டவில்லை. பாட்டுக்காரியை மட்டும் அறைக்குக் கூப்பிட்டு, "பாட்டும் பாடுற, கயித்தையும் இழுக்குற, வேலைய எப்ப பாக்குற?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவளும் சிரித்தாள்.

மூன்று வாரத்தில் கயிறு இழுபட்டது ரெண்டே தடவை. லாரி நேரத்துக்குப் போகிறது. பாட்டுக்காரி இப்போது பாடுவதில்லை, கவனம் கூடியிருக்கிறது. நல்ல ஆட்களுக்கு மதிப்புக் கொடுத்தால் நிற்பார்கள் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்டா.

ஆனாலும் நீ வந்தால் நன்றாகத்தான் இருக்கும். உன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை.

இந்தத் தடவை ஜெயித்த,
அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. போன் பண்ணலாம் என்று நாலு தடவை எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் வீம்பு. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். இன்று காலை கை தட்டிக்கொண்டு நிற்கும்போது, பாட்டுக்காரி பாடுவதில்லை என்று நீ எழுதியது மனசில் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பலகையை இப்போதே கழற்று.

அந்த நோட்டு குற்றப் பட்டியல் இல்லை அக்கா. அந்தத் தளத்தில் யார் விழித்திருக்கிறார்கள் என்பதற்காக எனக்கு நானே எழுதிக்கொண்டது. நாற்பத்தொரு தடவையில் முப்பத்துமூன்று தடவை உள்ளே ஏதோ ஒன்று இருந்தது. அதனால்தான் உருளை வாயில் அவளை நிறுத்தினேன். நோட்டில் பெயரே இல்லாதவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். அவர்களை மடிப்பு மேஜைக்கு மாற்றிவிடுவேன். நெட்டையன் தங்கமான பையன், ஆனால் மேலே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு காலை எடுத்து வைக்கமாட்டான். அவனையா தளத்துக்குத் தலைவனாக்கினாய்?

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் பேர் வாங்குவதற்காக இழுப்பார்கள் என்று நினைத்தேன். போகும்போது உன்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும். நீ கண்டுபிடித்து, புரியாமல் முழிக்கட்டும் என்று நோட்டை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தேன். சின்னப் புத்தி.

பதினைந்தாம் தேதி இங்கே கணக்கு முடித்துக்கொண்டு வருகிறேன். வந்து பக்கத்தில் நிற்கிறேன். நீ கத்தினாலும் போகமாட்டேன்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, பாட்டுக்காரியின் வலது கை உருளைக்குள் போய்விட்டது.

ஒரு விரிப்பு முறுக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. கயிறு அவள் தலைக்கு மேலேயே இருந்தது. இழுக்காமல், கையாலேயே நீவிவிடப் பார்த்திருக்கிறாள். நான் என் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் அலறினாள். நெட்டையன் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றான். கையைத் தூக்கினான். தூக்கிய கையோடு திரும்பி என் கண்ணாடியைப் பார்த்தான். நான் தலையாட்டிய பிறகுதான் இழுத்தான். நான் தலையாட்டினேன் தம்பி. அதற்கு எத்தனை நேரம் ஆனது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஒன்பது பேர் வரவில்லை. வந்தவர்களும் உருளையைச் சுற்றி நின்றார்களே தவிர, யாரும் அதை முடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பலகையை நானே கழற்றினேன். நெட்டையன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறானாம். அவன் அம்மா வந்து அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். எதிர்க் கிடங்கிலிருந்து தையல்காரம்மா மட்டும் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து பாட்டுக்காரிக்குத் தலை வாரிவிடுகிறாள்.

நேற்று நான் போனேன். அவள் படுத்திருக்கும் விரிப்பின் ஓரத்தில் நம் கூடத்து முத்திரை இருந்தது. அவளே தள்ளியதாக இருக்கும். "கயிறு மேலேயே இருந்துச்சேம்மா, ஏன் இழுக்கல?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "நாப்பத்திநாலு ஆயிடுமேன்னு பாத்தேங்கம்மா" என்றாள். பலகை வைத்த பிறகு இழுபட்ட ரெண்டு தடவையும் அவள்தானாம்.

உன் கடிதத்தைப் பையில் வைத்திருந்தேன். நோட்டைப் பற்றி நீ எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முப்பத்துமூன்று என்ற இடத்தில் திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"இத அவரு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். "நான் அதிகமா இழுக்குறேன்னு எனக்கே எப்பவும் கூச்சமா இருந்துச்சும்மா."

என் பங்கு எனக்குத் தெரியும். அதை நீ எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. உன் பங்கை அவள் சொல்லிவிட்டாள்.

பதினைந்தாம் தேதி கூடத்துக்கு வராதே. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. உன் நாற்காலியையும் எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போ. ரெண்டாவது மாடி, கடைசிக் கட்டில், நாலு மணியிலிருந்து ஆறு வரை விடுவார்கள். அந்த ஒரு வார்த்தையை நேரில் சொல். அந்த நேரத்தில் நான் அங்கே இருக்கமாட்டேன்.

எனக்குப் பதில் வேண்டாம்.

அக்கா