ரிவர்ஸில் போன ரெண்டு வார வேலை

அன்புள்ள அப்பாவுக்கு,

பஸ் ஓட்டி ஓட்டி வந்த முட்டிவலி இப்ப எப்படி இருக்கு? அம்மா சுகம்தானே? எனக்கு இன்னைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்!

பஸ்ஸுக்கு உதிரிபாகம் மாதிரி எங்க மென்பொருளுக்கு பேக்கேஜ்னு உண்டு. நேத்து எல்லாத்தையும் ஒரே மூச்சில் அப்டேட் பண்ணினேன். மொத்தமும் படுத்துக்கிச்சு. பழையபடி ஆக்கிடலாம்னு பதற்றத்தில், நாங்க எழுதுறதையெல்லாம் சேமிச்சு வைக்கிற 'கிட்'ங்கிற மென்பொருளில், கண்ணாடி பார்க்காமலே ரிவர்ஸ் எடுத்தேன். நான் எழுதின ரெண்டு வார வேலையும் சேர்ந்து காணாமல் போச்சு! எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

பக்கத்து சீட் அக்கா சிரிச்சாங்க. "அழாதே. கிட் எதையும் உடனே தூக்கிப் போடாது. ரெஃப்லாக்கைப் பாரு"ன்னாங்க. நான் செய்த ஒவ்வொண்ணும் அங்கே வரிசையா பதிவாகியிருந்தது. ஒரே ஒரு கட்டளைதான், அப்பா! எல்லாம் அப்படியே திரும்பி வந்துடுச்சு! நான் போட்ட கூச்சலில் மேனேஜரே எட்டிப் பார்த்தார். அப்புறம் பேக்கேஜை ஒவ்வொண்ணா மாத்தி ஓட்டிப் பார்த்தேன். இப்ப ஜம்முனு ஓடுது.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. போன வாரம் ஃபோனை அப்டேட் பண்ணினப்ப நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜெல்லாம் அழிஞ்சுடுச்சு. "சாப்பிட்டியா? சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான் இருக்கும், ஆனா தினமும் கேட்பேன். அதுக்கு ரெஃப்லாக் கிடையாது. புதுசா ஒண்ணு அனுப்புங்க. பேச ஒண்ணும் தோணலைன்னா, பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணி ஃபோனைப் பக்கத்தில் வைங்க, போதும்.

கூப்பிடுறாங்க, ஓடுறேன்.

உங்கள் வாலு