மருந்துக்கடைக்காரர் சொன்ன உப்புத்தண்ணீர்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? எழுத வந்தவை: 1. என் வயிறு. 2. தொண்டையும் மூக்கும். 3. மருந்துக்கடைக்காரர்.

வாந்தி நின்று, கஞ்சி வயிற்றில் தங்குகிறது. ஆனால் தொண்டை எரிகிறது, மூக்கு ஒழுகுகிறது. அச்சகத்தில் நான் பிழை திருத்தும் அறை குளிர். அதனால் வந்த சளிதான்.

நீயோ போனில், "நம்ம மருந்துக்கடைக்காரர்கிட்ட கேட்டேங்க. வாந்தியோட வந்த புளிப்பு பட்டுப் புண்ணாயிருக்குமாம். உப்புத்தண்ணி கொப்பளிக்கணுமாம்" என்றாய். அவர் எப்போது 'நம்ம' ஆனார்? மனைவியை இழந்தவர், தலை இன்னும் நரைக்காதவர். என் மூக்கைப் பற்றி அவரோடு எவ்வளவு நேரம் பேசினாய்? போனில் கேட்கத் துணிவு வரவில்லை.

கழுத்துக்கு ஒரு மப்ளர் அனுப்பு. நீயே பின்னினால் நல்லது.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். இரண்டாவதாகச் சொன்னது தவறு, சளி இல்லை. நேற்று கொப்பளித்தேன், எரிச்சல் அடங்கிவிட்டது. நன்றி சொல்ல நீ கடைக்குப் போக வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்