துரை கேட்ட வெங்காயம்

4-2-57, திங்கள்

கஞ்சி ஆறிப்போச்சு என்று வீட்டுக்காரர் செம்பால் அடித்தார். இடது காது இன்னும் குய் என்கிறது.

நார்த்தாமலைக் கோயிலைப் படம் வரைய ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் வந்து இறங்கியிருக்கிறார். ஒரு மாதம் தங்குவாராம். பங்களாச் சமையல்காரர் என்று என் வீட்டுக்காரருக்குத்தான் பேர், சமைப்பது நான். அவர் வேலை போனால் இந்தப் பின்கட்டு அறையும் போகும். ஆறு வயது மகள் செவந்தியை இழுத்துக்கொண்டு எங்கே போவேன்? அதனால்தான் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறேன். எனக்கா வாய் இல்லை!

6-2-57

துரைக்கு வெங்காயம் வேண்டுமாம். பொரியல் இல்லை, குழம்பு இல்லை. துரையின் உதவியாளர் ஆத்மநாதன் காகிதத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: முழுப் பெல்லாரி வெங்காயத்தை அரைவேக்காடு வேகவைத்து, வெண்ணெய் பூசி, மேலே சீஸ் துருவிப் போட்டு, ரொட்டித்தூள் தூவி, மேலும் கீழும் நெருப்பு வைத்துச் சுட வேண்டும்.

"என்ன நல்லதம்பி, செய்வியா?" என்றார்.

"கொடைக்கானல்ல வெள்ளைக்காரனுக்கே செஞ்சு போட்டவன் சார் நான்!"

அடப்பாவி. கொடைக்கானல் எந்தத் திசை என்றாவது தெரியுமா இவருக்கு?

சீஸ் டப்பாவைத் திறந்து பார்த்தேன். புளித்த தயிரும் ஈரச் செருப்பும் சேர்ந்த வாடை.

7-2-57

செய்தேன். சட்டியை அடுப்பில் வைத்து, இரும்புத் தட்டால் மூடி, தட்டின் மேல் நெருப்புக் கங்குகளை அள்ளிக் கொட்டினேன். பொரியலுக்குப் போடுகிற மாதிரி உப்புப் போட்டேன். அடுத்தவருக்குப் போகிறதை வாயில் வைத்துப் பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, எச்சிலாகிவிடும். பொன்னிறமாகப் பொங்கித்தான் வந்தது. துரை ஒரு வாய் வைத்துக் கைக்குட்டையில் துப்பிவிட்டார். உப்புக் கரித்ததாம்.

இவர் கையில் விறகுக்கட்டை. என் மண்டை பிளந்தது. காப்பித்தூளை வைத்து அழுத்திக் கட்டியிருக்கிறேன்.

8-2-57

தலை தூக்க முடியவில்லை.

11-2-57

எப்படிக் கரித்தது? நாலு நாளாக அதே யோசனை. துரை இன்னொரு தடவை செய்யச் சொல்லியிருக்கிறாராம். இன்று சமையலறையில் யாரும் இல்லாதபோது சீஸில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டேன். அட, அதுவே உப்பு! டப்பாவில் அடைக்கும்போதே போட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் நானும் போட்டால் கரிக்காமல் என்ன செய்யும்? உப்பே போடாமல் சட்டியை ஏற்றினேன்.

கடைசியில் பதம் பார்க்க ஒரு ஓரத்தை நாக்கில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்துவிட்டார்.

"துரைக்குப் போறத எச்சி பண்ணுறியாடி, நாயே!"

என் இடது கையைப் பிடித்துக் கங்குத் தட்டில் வைத்து அழுத்தினார். அழுத்தினான். எழுதினால் என்ன? அவன், அவன், அவன். தோல் தட்டோடு ஒட்டிக்கொண்டது. கத்தக்கூடாது என்று வாயையும் பொத்தினான்.

எச்சில் என்றானே, அதே வெங்காயத்தைத்தான் கொண்டுபோய் வைத்தான். துரை தட்டை வழித்துச் சாப்பிட்டாராம். இவன் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். எந்தக் கையை?

14-2-57

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து துரைக்கு இரண்டு விருந்தாளிகள். மறுபடி வெங்காயம். என் கை கட்டுப் போட்டு வீங்கிக் கிடக்கிறது. "நீங்களே செய்யுங்க" என்றேன். முறைத்தான். வெங்காயத்தை உரித்தான்.

"உப்பு எம்புட்டுடி?"

"எப்பவும் போலதான்."

தெரிந்தேதான் சொன்னேன். ஆமாம், தெரிந்தேதான்.

ஒரு பிடி அள்ளிப் போட்டான். விருந்தாளிகள் முன்னால் துரைக்கு அவமானம். தட்டோடு திரும்பி வந்தவன், விறகுக் கட்டில் செருகியிருந்த அரிவாளை உருவினான். "கொன்னுட்டுத்தான்டி மறுவேலை!" செவந்தி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். உதைத்தான். பிள்ளை அம்மிக்கல்லில் போய் விழுந்தது. வாயெல்லாம் ரத்தம், முன்பல் இரண்டும் கீழே.

அதற்குப் பிறகு எனக்கு யோசனை இல்லை. நல்ல கையில் கந்தலைச் சுற்றி, தட்டைக் கங்கோடு தூக்கி அவன் மேல் வீசினேன். மார்பு, கழுத்து, அரிவாள் பிடித்த கை. வேட்டி பற்றிக்கொண்டது. அலறிக்கொண்டு ஓடித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தான்.

15-2-57

அவன் ஆஸ்பத்திரியில். பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள். ஆத்மநாதன் வந்து விசாரித்தார். என் கையைக் காட்டினேன், பிள்ளையின் வாயைக் காட்டினேன். உப்பு விஷயத்தையும் மறைக்கவில்லை.

"அப்ப அன்னைக்குத் துரை வழிச்சுச் சாப்பிட்டத செஞ்சது யாரும்மா?"

"நான்தாங்க."

அழுகை வருமென்று பார்த்தேன், வரவில்லை. அவன் அலறியது காதிலேயே இருக்கிறது. நினைக்க நினைக்கச் சந்தோஷமாக இருக்கிறது. இது பாவமா? இருந்துவிட்டுப் போகட்டும்.

16-6-57, ஞாயிறு

துரை மார்ச்சிலேயே ஊருக்குப் போய்விட்டார். போகும் முன் எனக்காகச் சொல்லிவிட்டுப் போனாராம். சமையல் வேலை இப்போது என் பேரில், அறையும் எனக்கே. இன்று நாலு ஆபீசர்களுக்குச் சாப்பாடு. வெங்காயம் அடுப்பில் இருந்தது.

பின்வாசலில் ஆள் அரவம். அவன்தான். கழுத்தெல்லாம் வெந்து சுருங்கியிருக்கிறது.

"செங்கமலம், கல்லு ஒடைக்கிற வேலை எனக்கு ஒத்துக்கல. வந்துடுறேன்" என்று வாசற்படியில் காலை வைத்தான்.

"நல்லதம்பி, அங்கிட்டே நில்லு."

பின்வாசலில் உட்கார்ந்திருந்த பங்களா வாட்ச்மேன் வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது. கல்யாணமான பதினோரு வருஷமாக, ரேஷன் கார்டுக்காரன் கேட்டபோதுகூட நான் வாயால் சொல்லாத பேர்.

நின்றான். வெங்காயம் கருகிவிடும் என்று நான் உள்ளே வந்துவிட்டேன்.