பிரெஞ்சு டீச்சர் பிரான்ஸ் போன கதை

2025 ஏப்ரல் 11, வெள்ளி

கரஸ்பாண்டெண்ட் இன்று ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார். "கோகிலவாணி மேடம், நம்ம பிரெஞ்சு கிளாஸ் பிள்ளைங்களை மே மாசம் பிரான்ஸ் அனுப்பறோம். தூர்னு ஒரு ஊரு. அங்க ஒரு ஸ்கூல்ல பேசியாச்சு. பிள்ளைங்க அந்த ஊர்ப் பிள்ளைங்க வீட்லயே தங்கிக்குவாங்க. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு நானே தட்டிக்கொள்கிறேன் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

சந்தோஷப்பட வேண்டியவள். ஆனால் பயம்தான் வருகிறது. பதினான்கு வருடமாக பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு பிரெஞ்சுக்காரரோடும் பேசியதில்லை. புதுச்சேரி கடற்கரையில் ஒரே ஒரு தடவை, ஒரு வெள்ளைக்காரரிடம் தைரியமாக "போன்ழூர்" என்றேன். அவர் ரஷ்யாக்காரர். கை கூப்பி "வணக்கம்" என்றார்.

தமிழைவிட இதில் மார்க் சுலபம் என்றுதான் பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். இலக்கணத்தை உருட்டி உருட்டி ஊட்டுகிறேன். தொண்ணூற்றெட்டு வாங்குகிறார்கள். பேசுவது? அது சிலபஸில் இல்லை. என்னிடமும்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பெற்றோர் கூட்டம். பதினொன்றாம் வகுப்பு தனப்பிரியாவின் அப்பா சின்னண்ணன் வந்திருந்தார். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து போர் போடுகிறவர்.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ள உங்க பாடத்துல மார்க்கு கம்மிதானுங்க. ஆனா வாய் மட்டும் ஓயாது. அங்க போயி ஏதாச்சும் உளறி வெச்சா கொஞ்சம் பாத்துக்குங்க. நீங்க கூட இருக்கறப்ப எங்களுக்கு என்னங்க பயம்?"

"நான் பாத்துக்கறேங்க" என்றேன். இவ்வளவு நம்பிக்கையான குரல் எனக்குள் எங்கே இருந்தது? பயணத்துக்கு அதில் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பேசிப் பழக ஆள் வேண்டும். எங்கள் பண்ணையில் நாலாயிரம் கோழிகள் இருக்கின்றன. தீவனம் போடும்போது அவற்றோடு பிரெஞ்சில் பேசிப் பார்த்தேன். எப்படி இருக்கிறீர்கள், என்ன வயது, பொழுதுபோக்கு என்ன. கூண்டுக்குள்ளிருந்து கழுத்தைச் சாய்த்துக் கேட்டன. வகுப்பைவிட கவனம் அதிகம்.

அவர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"வாணி, என்ன வேணாலும் பண்ணு. முட்டை மட்டும் கொறைஞ்சா நான் பொறுப்பில்ல" என்றார் மணிமாறன். கட்டியவர் வாயிலிருந்து வரும் ஊக்கம் இது.

மே 12, திங்கள்

வந்து சேர்ந்துவிட்டோம். விமானத்தில் வாந்தி எடுத்தது பிள்ளைகள் இல்லை. டீச்சர்.

ரயில் நிலையத்தில் அந்தப் பள்ளியின் ஆசிரியை கிளேர் காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். இரண்டு கன்னத்தோடும் கன்னம் வைத்துவிட்டு மடமடவென்று பேச ஆரம்பித்தார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. நான் சொல்லிக் கொடுக்கும் பிரெஞ்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். இந்த ஊரில் அதை எடுத்துவிட்டார்கள் போல. நான் புன்னகையோடு "ஆமாம்" என்றேன்.

அவர் கேட்டது, "உங்கள் பெயர் என்ன?"

பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். தனப்பிரியா முன்னால் வந்து, "இவள் கோகிலவாணி. இவள் தூக்கம். நான் பசி!" என்று பிரெஞ்சில் போட்டாள். ஒரு வினைச்சொல் கூட ஒழுங்கில்லை. கிளேர் சிரித்து அவள் தோளில் கை போட்டுக் கூட்டிப் போனார். நான் பெட்டிகளோடு பின்னால் நடந்தேன்.

மே 13, செவ்வாய்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மதியம் பள்ளி கேன்டீனில் எல்லோரும் ஒரே மேசை. தனப்பிரியாவைச் சுற்றி அந்த ஊர்ப் பிள்ளைகள். ரிக் வண்டி எப்படிப் பூமியைத் துளைக்கும் என்று கையாலும் வாயாலும் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பீய்ச்சி அடித்த இடத்தில் நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த ஆசிரியர் மரியாதைக்கு ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது அவள் ரொட்டி கேட்டாள். ரொட்டிக்கு பிரெஞ்சில் 'பேன்'. வருடா வருடம் வகுப்பே சிரிக்கும் சொல். அது ஆண்பால். அவள் பெண்பாலில் "லா பேன்" என்றாள்.

"லா இல்ல. லெ! எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன்? இது கூடத் தெரியாம என்ன பேச்சு உனக்கு?"

அத்தனை பேர் முன்னாலும், உரக்க. தமிழில்தான் சொன்னேன், ஆனால் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தனப்பிரியா ரொட்டிக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

எதுக்குடி வாணி? அந்த லா-வா உன்னைக் குத்துச்சு? அவ பேசறா, உன்னால முடியல. அதானே?

மே 14, புதன்

தனப்பிரியா யாரிடமும் பேசவில்லை. மாலையில் கிளேர் என்னிடம், "அந்தப் பேசுகிற பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வந்ததிலிருந்து எனக்கு முழுசாகப் புரிந்த முதல் பிரெஞ்சு வாக்கியம் அது.

மே 15, வியாழன்

முதலில் இருந்து எழுதுகிறேன்.

ஆற்றங்கரைக்குப் போயிருந்தோம். கிளேர் பாதிப் பிள்ளைகளோடு படகில் போய்விட்டார். மீதிப் பேரோடு நான் கரையில். திடீரென்று எங்கள் வகுப்புப் பையன் கோகுல்ராஜ் கத்தினான். கழுத்தில் தேனீ கொட்டிவிட்டது. தேய்த்துவிட்டால் சரியாகும் என்றுதான் நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு வீங்குகிறது, கண் மூடிக்கொள்கிறது. "மிஸ், மூச்சு இழுக்குதுங்க."

சாலைக்கு எதிரே மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை தெரிந்தது. அவனைத் தாங்கிக்கொண்டு ஓடினேன். தனப்பிரியா மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகளும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

கடைக்காரம்மா ஏதோ கேட்டார். தேனீக்கு பிரெஞ்சு தெரியும். அது பெண்பால் என்றும் தெரியும். 'இந்தப் பையன் ஒரு தேனீயால் கொட்டப்பட்டான்.' இதில் வினைச்சொல் பையனோடு ஒத்துப் போகணுமா, தேனீயோடா? பையன் மூச்சுக்குத் தவிக்கிறான். நான் இலக்கணம் சரி பார்த்துக்கொண்டு நிற்கிறேன்! வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை.

தனப்பிரியாவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டாள்.

அந்த ஒரு பார்வை. என் ஆயுசுக்கும் போதும்.

"தேனீ!" என்று பிரெஞ்சில் கத்தினேன். "தேனீ! பையன்! கெட்டது! சீக்கிரம்!" அதுவும் போதாதென்று விரலைத் தேனீயாக்கி, "ஙொய்ய்ய்" என்று சுற்றி வந்து என் கழுத்தில் நானே குத்திக்கொண்டேன். தமிழில் அவளிடம், "சொல்லு சாமி, தப்போ சரியோ, எப்படியாச்சும் சொல்லு!"

அவள் ஆரம்பித்தாள். மூச்சு இல்லை, இங்கே அடைப்பு, இப்போதுதான். தப்புத் தப்பாக, நிறுத்தாமல். நான் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்ல. கடைக்காரம்மா ஒரு கையால் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே, மறு கையால் ஊசியை எடுத்து வந்து அவன் தொடையில் போட்டார்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. கண் திறந்ததும் கோகுல்ராஜ் கேட்டது, "மிஸ், நீங்க தேனீ மாதிரி பண்ணுனத யாராச்சும் வீடியோ எடுத்தாங்களா?"

மே 16, வெள்ளி

கோகுல்ராஜின் அப்பா தனபாலிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன். இன்று அவரே கூப்பிட்டார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர். "பையன் நல்லாப் பேசறானுங்க. அந்தக் கடையில எல்லாம் பிரெஞ்சுலயே சொல்லிப்போட்டீங்களாமா. படிச்சவங்க படிச்சவங்கதானுங்க."

படித்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எப்படிச் சொல்வது?

காலையில் மருந்துக்கடைக்குப் போய் நன்றி சொன்னோம். நான் மிகத் தெளிவாகச் சொன்னதாக அந்தம்மா பாராட்டினார். ஙொய்-யைத்தான் சொல்கிறார்.

திரும்பும் வழியில் தனப்பிரியாவிடம் சொன்னேன். "கேன்டீன்ல உன்னை அப்படிப் பேசுனது தப்பு சாமி. நீ பேசறதப் பாத்து எனக்குப் பொறாமை."

நடப்பதை நிறுத்திவிட்டாள். "எம்மேலயாங்க மிஸ்? நான் உங்க பாடத்துல நாப்பத்தொண்ணுங்க."

"ஆமா. இங்க நான் அதுவும் இல்ல."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கடிக்கவில்லை.

மே 21, புதன்

ஊர் வந்தாயிற்று. கிளேரோடு கடைசி மூன்று நாளும் பேசிக்கொண்டே இருந்தேன். பாதி அவருக்குப் புரிந்தது; மீதியை தனப்பிரியா பார்த்துக்கொண்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

வாரத்தில் ஒரு பீரியட் யாரும் புத்தகம் திறக்கக் கூடாது, பிரெஞ்சில் பேச மட்டும்தான் என்று வைத்திருக்கிறேன். இன்று வகுப்பே ராசிபுரம் சந்தை. கோகுல்ராஜ் மரவள்ளிக்கிழங்கு விற்றான். தனப்பிரியா எடை குறைவு என்று சண்டைக்குப் போனாள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "சின்ன வெங்காயத்துக்கு பிரெஞ்சுல என்னங்க மிஸ்?" என்றான்.

"எனக்குத் தெரியாது" என்றேன். வானம் இடிந்து விழவில்லை. ஆளுக்கொரு பெயர் வைத்து விற்றார்கள்.

சத்தம் கேட்டு பிரின்சிபால் வந்து நின்றார்.

"என்னங்க மேடம் நடக்குது?"

"பிரெஞ்சுங்க சார்."

"இது பரீட்சைக்கு வருங்களா?"

"வராதுங்க சார்."

உள்ளே எட்டிப் பார்த்தார். தனப்பிரியா மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். கோகுல்ராஜ் கிழங்கைத் தர மாட்டேன் என்றான்.

"அப்ப கதவையாச்சும் சாத்திக்கிட்டு நடத்துங்க" என்று போய்விட்டார்.

எழுந்து போய்ச் சாத்தினேன். சண்டை ஓயவில்லை. எடைக்கல் சரியாகத்தான் இருக்கிறது என்று கோகுல்ராஜ் பக்கம் பேச நானும் போனேன்.