கற்றாழை மட்டும்தான் என்று சொன்னது

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று காலை கீழ் வீட்டு மெர்சி அக்காவிடம் பொய் சொல்லிவிட்டேன். புற்றுநோய் சிகிச்சையில் மொத்தமாகக் கொட்டிய முடி, அவருக்கு இப்போதுதான் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. நான் வீட்டில் செய்து விற்கும் கற்றாழைக் கண்டிஷனரில் ஒரு பாட்டில் கேட்டு வந்தார்.

"கெமிக்கல் எதுவும் கலக்கலையே, சுதா?"

"இல்லக்கா, வெறும் கற்றாழையும் செம்பருத்தியும்தான்."

முடியை அவ்வளவு மிருதுவாக்குவது கற்றாழை இல்லை. நான் உருக்கிச் சேர்க்கும் கண்டிஷனிங் மெழுகு. கடையில் விற்கும் கண்டிஷனர்களிலும் இருப்பதுதான், அளவாகத்தான் போடுகிறேன். ஆனால் அந்தத் தலைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று எனக்குத் தெரியாது. குரோம்பேட்டை மார்க்கெட்டில் கீரை வாங்கும்போதும் அதே நினைப்பு. பாதியில் திரும்பி வந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

தலையில் ஈரத் துண்டோடு திறந்தார்.

"அக்கா, அதைத் தேய்ச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லடி, சும்மா தண்ணியிலதான் அலசினேன். ஏன்?"

சொன்னேன். அக்கா கத்தவில்லை. உள்ளே போய் பாட்டிலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"அந்த மெழுகு பேரை எழுதிக் குடு. டாக்டர்கிட்ட கேக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன்.

"உங்கிட்ட வாங்கற மத்தவங்களுக்குத் தெரியுமா?"

பாட்டிலோடு படியேறி வந்துவிட்டேன்.

சற்றுமுன் வாங்குபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். யாரோ டைப் செய்துகொண்டே இருக்கிறார்கள். இன்னும் எதுவும் வரவில்லை.